குழாயை வெட்டும் முன்

1.

இந்தக் கதை ஒரு முதுகுவலியிலிருந்து பிறந்தது. கதைகள் ஆன்மாவின் ஆழத்திலிருந்து ஊற்றெடுப்பதாகப் பேட்டி கொடுக்கிறவர்கள் மன்னிக்கவும். இது இடுப்புக்குச் சற்று மேலே, வலது பக்கத்தில், குனிந்தால் ஊசி இறங்குவதுபோல் ஆரம்பிக்கிற ஒன்று. முதுகு என்னுடையதல்ல. என் நண்பன் நெரேயோவுடையது. எழுதச் சொன்னதும் அவன்தான்.

"வாத்தியாரே, உங்க பாஷையில ஏதோ எழுதுவியாமே. என் சைக்கிளப் பத்தி எழுதேன்."

நான் வாத்தியார் இல்லை. துணி துவைக்கிற இயந்திரங்களுக்கான கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். இந்த ஊரில் கண்ணாடி போட்டவனையெல்லாம் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எழுதறேன். ஆனா உள்ளத உள்ளபடிதான் எழுதுவேன்."

"தாராளமா. முதுக மட்டும் விட்டுடு."

முதுகை விட்டால் கதையில் சக்கரம்கூட மிஞ்சாது. அதை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

2.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பனி விலகாத மார்ச் மாதக் காலையில், பிரெந்தா நதியின் கரையோரமாக, ஒரு மனிதன் தன் கனவைத் தேடி"

வேண்டாம். கனவைத் தேடிப் போகிற மனிதர்கள் யாரையும் எனக்குப் பழக்கமில்லை. நெரேயோ தேடிப் போனது நல்ல வெல்டிங்கை.

"மனிதனும் சைக்கிளும் ஒன்றாகும் அந்த அபூர்வக் கணத்தில், சாலை என்பது வெறும்"

சாலை என்பது வெறும் என்ன? எனக்கும் தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

"நெரேயோ பல்செட் செய்கிறவன்."

இது சரியாக இருக்கிறது. இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நெரேயோ பல்செட் செய்கிறவன். அறுபத்தொரு வயது. வீட்டின் கீழ்த்தளத்தில் பட்டறை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அவன் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அளவெடுக்க வருகிறவர்களை அவன் திட்டுவதைக் கேட்கவேண்டும். "வாய ஏன் இப்படி வெச்சிருக்க? கல்யாண போட்டோவா எடுக்கறேன்? வீட்ல எலும்பு கடிக்கிறப்ப எப்படிக் கடிப்பியோ அப்படிக் கடி. அழகா கடிச்சீன்னா அழகான பல்லு கெடைக்கும், சோறு எறங்காது."

தாடைக்குள் அவன் திருகுவது டைட்டானியம். துருப்பிடிக்காது, உடம்பு வெளியே தள்ளாது. "ஆளே மக்கிப்போனாலும் இது மட்டும் பளபளன்னு இருக்கும்" என்று நோயாளியிடமே பெருமையாகச் சொல்வான். அவர்கள் முகம் போகிற போக்கு அவனுக்குத் தெரியாது. நாள் முழுக்க அந்த உலோகத்தைக் கையில் வைத்திருந்ததில் அவனுக்கு ஒரு ஆசை வந்தது. அதே உலோகத்தில் ஒரு சைக்கிள். ரேஸ் சைக்கிள். வாழ்க்கைக்கு ஒன்றே ஒன்று, குறையே இல்லாத ஒன்று.

3.

பத்து வருஷத்துக்கு மேல் தேடினான். சரியாக எத்தனை என்பதில் அவனுக்கும் அவன் மனைவி டொரீனாவுக்கும் ஒத்துப்போகாததால் அதில் நான் தலையிடவில்லை. பாதிப் பயணங்களுக்கு நானும் போயிருக்கிறேன். பதோவாவுக்கு அப்பால் ஒரு பட்டறை, மிலானுக்கு வடக்கே நாலைந்து, ஒருமுறை ஆல்ப்ஸைத் தாண்டியும் போனோம். எல்லா இடத்திலும் ஒரே சடங்கு. ஃபிரேமின் முன் குந்துவான். கண்ணை மூடுவான். சீட்டுக்குக் கீழே குழாய்கள் கூடுகிற இடத்தில், வெல்டிங்கின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டுவான். செய்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"ம்ம்..." என்பான் நெரேயோ. அந்த 'ம்ம்'மில் நொந்துபோனவர்கள் வட இத்தாலி முழுக்க இருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் தீர்ப்பு. "பின்பக்கக் குழாய் கோழிக்காலு மாதிரி இருக்கு." "பேர எவ்ளோ பெருசா எழுதியிருக்கான் பாரு, சாவு போஸ்டர் மாதிரி." ஒருமுறை இப்படியும் சொன்னான்: "வெல்டிங் சுத்தம். ஆனா செஞ்சவனுக்கு அதுல சந்தோஷம் இல்ல."

"சந்தோஷம் இல்லன்னு எப்படிய்யா தெரியும்?"

"கட்டைவிரலுக்குத் தெரியும்."

வீடு திரும்பினால் டொரீனா இருப்பாள். டொரீனா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் பாட்டிலில் ஒட்டின சீட்டைப் பார்த்து நம்பாதவள்.

"என்னை ரெண்டு பாட்டு ஆடி முடிக்கறதுக்குள்ள பிடிச்சுப்போச்சுன்ன. இரும்புக்குப் பத்து வருஷமா பொண்ணு பாக்கற."

"இரும்பில்ல, டைட்டானியம்."

"அப்ப நான் என்ன, தகரமா?"

கடைசியில் அது எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடைத்தது. கோழிப்பண்ணைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. செய்கிறவள் மார்ஸியா, நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது. தன்னைப் பற்றிப் பிறர் சொல்லவேண்டியதையெல்லாம் அவளே சொல்லிவிடுவதால் நமக்கு வேலை மிச்சம்.

"என் வெல்டிங்கப் பாத்து ஒரு ஜெர்மன்காரர் அழுதுட்டாரு, தெரியுமா?"

"ஏன், விலை சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

நெரேயோ எங்கள் இருவரையும் கையமர்த்தினான். குந்தினான். கண்ணை மூடினான். கட்டைவிரல் ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது. 'ம்ம்' வரவில்லை.

"இதுதான்" என்றான். விரலை எடுக்கவே இல்லை. அதைக் கிண்டல் செய்ய ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அந்த விரலைப் பார்த்தபின் அதை எடுத்துவிட்டேன்.

4.

இனி கஸ்தோனே வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவோம். அதன் தலைவன் கஸ்தோனே. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் மறுக்கவுமில்லை. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவன், ஆகவே அவனுக்கு உலகத்தில் எல்லாமே ஒன்று நேராக இருக்கிறது, அல்லது கோணலாக இருக்கிறது. அவனிடம் சட்டங்கள் உண்டு. சாக்ஸ் கெண்டைக்காலின் பாதி வரை வரவேண்டும். காலில் முடி கூடாது. சீட்டுக்கடியில் பை தொங்கக் கூடாது ("சந்தைக்கா போற?"). இவற்றுக்கெல்லாம் மேலான சட்டம் ஒன்று: ஹேண்டில்பாருக்கு அடியில் வளையம் கூடாது.

வளையம் என்றால் என்ன? முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கிலிருந்து ஒரு குழாய் மேலே வரும். அதன்மேல் ஹேண்டில்பார் உட்காரும். அடியில் மோதிரம் மாதிரி வளையங்களைக் கோத்தால் ஹேண்டில்பார் உயரும், ஆள் நிமிர்ந்து உட்காரலாம். வளையமில்லாமல் தாழ வைத்தால் முதுகு மேசைப்பலகை மாதிரி தட்டையாகக் கிடக்கும். பந்தய வீரனின் முதுகு. ஆகவே வளையம் என்பது வெறும் வளையமில்லை, ஊரறிய வயதை ஒப்புக்கொள்வது.

"ஒரு வளையம்னா மூட்டுவலி" என்பான் கஸ்தோனே. "ரெண்டுன்னா பேரன் பொறந்துட்டான். மூணுன்னா போஸ்ட்மேன்."

போன வருஷம் ரொட்டிக்கடை இவோ மூன்று வளையத்தோடு வந்தான். அன்றிலிருந்து அவன் பெயர் போஸ்ட்மேன். இப்போது அவன் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

[கஸ்தோனே கார்ட்டூன் மாதிரித் தெரிகிறானோ? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. கொஞ்சம் மனிதத்தன்மை சேர்க்கலாமென்று, "அவனுக்குள்ளும் ஒரு தனிமை இருந்தது, அந்தி வேளைகளில் அது" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவனுக்குள் தனிமை எதுவும் இல்லை. மனைவி, இரண்டு பெண்கள், கூண்டு நிறைய முயல்கள், படுத்ததும் தூக்கம். சிலர் நன்றாக இருந்துகொண்டேதான் மற்றவர்கள் உயிரை எடுக்கிறார்கள். ஆனால் இதையும் சொல்லவேண்டும்: எங்களில் எவன் விழுந்தாலும் முதலில் பிரேக் போடுகிறவன் கஸ்தோனேதான். விலகின விரலைச் சரியாக இழுத்துவிடத் தெரியும். இழுக்கும்போது உன் சாக்ஸ் இறங்கியிருக்கிறது என்றும் சொல்வான். இரண்டையும் அப்படியே விடுகிறேன்.]

5.

(இந்தப் பகுதியில் டைட்டானியத்தின் வரலாறு இருந்தது. டொரீனா வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். படித்தேன். தூங்கிவிட்டாள். எடுத்துவிட்டேன்.)

6.

முதுகுக்கு வருகிறேன். மார்ஸியாவிடம் ஆர்டர் கொடுப்பதற்குள் அது பிடித்துக்கொண்டது.

முதுகுக்கு வைத்தியம் பார்த்த பெண் நெரேயோவிடம் சுற்றி வளைக்கவில்லை. "நிமிர்ந்து உக்காந்து ஓட்டுங்க. இல்லன்னா ஓட்டாதீங்க. நடுவுல ஒண்ணும் இல்ல."

அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். அந்தக் குளிர்காலத்தில் அவன் எங்களோடு வரவில்லை. இருமல் என்றான், வேலை என்றான். அந்த நாட்களைப் பற்றி டொரீனா மருந்துக்கடை வாசலில் வைத்து என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஜன்னல்ல உக்காந்து எதிர்வீட்டுக்காரன் கார் நிறுத்தறத விமர்சனம் பண்ணிட்டிருந்தான். 'இன்னும் எடது பக்கம் ஒடிச்சிருக்கணும்.' தெனமும். அதையாச்சும் பொறுத்துக்கலாம். ஒரு நாளாவது பசிக்குதுன்னு சொல்லல வாத்தியாரே. வெச்சா சாப்புடுவான், வெக்கலன்னா கேக்கமாட்டான். ஞாயித்துக்கெழம மலையிலேந்து எறங்கி வந்து சட்டிய வழிச்சுத் தின்ன மனுஷன். எனக்கு அந்த சைக்கிள் வேணும். அவனுக்கு இல்ல, எனக்கு."

ஆக, வாசகரே, பந்தயத்தில் இருப்பது ஒரு உலோகச் சாமான் மட்டுமில்லை. நெரேயோ தொடர்ந்து ஓட்டுவானா, ஜன்னலுக்குப் போய்விடுவானா என்பதே கேள்வி.

டொரீனாவும் நானும் சேர்ந்து வற்புறுத்தினோம். சரி, மார்ஸியாவிடம் அளவு கொடுத்துச் செய்யலாம், இந்த முதுகுக்கு ஏற்ற மாதிரியே ஒரு டைட்டானியம் சைக்கிள் என்று முடிவானது. தேடலுக்கு இப்படியொரு நியாயமான முடிவு வரும் என்று நான்கூட நம்பினேன்.

ஆனால் இது எந்த ஊர் என்பதை மறந்துவிட்டேன். குப்பையைக் கொட்டப் போகிறவன்கூட ஷூவைத் துடைத்துக்கொண்டு போகிற ஊர். வீடு துடைக்க ஆள் வருகிறாள் என்றால் முந்தின நாளே வீட்டைத் துடைத்துவைக்கிற ஊர். நெரேயோ அளவு கொடுக்கப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து நிமிர்ந்து பழகினான். போகிற அன்று காரில் ஏறினால் ஒரே தைல வாசனை. அதன்மேல் சென்ட் வாசனை. வழியில் மாத்திரையை வாயில் போட்டு முழுங்கினான்.

"இது என்னய்யா?"

"வலி மாத்திர."

"அளவெடுக்கறதுக்கா? உன்கிட்ட வர்றவங்களுக்கு நீ என்ன சொல்லுவ? வீட்ல கடிக்கிற மாதிரி கடின்னு சொல்லமாட்ட?"

"அது பல்லு. இது ஒரு பொம்பள முன்னாடி நிக்கிறது."

"அவ உன் முதுகத்தான் அளக்கப் போறா."

"அதனாலதான்!"

மார்ஸியாவின் கொட்டகையில் அவன் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தான். நான் என் கண்ணை நம்பவில்லை. மார்ஸியா கைதட்டினாள்.

"அறுபத்தொண்ணுன்னு சொன்னீங்க! இது இருபத்தஞ்சு வயசு முதுகு!"

நெரேயோவின் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆனது.

"இருந்தாலும் ஹேண்டில்பார கொஞ்சம் ஒசத்தியே வைங்க" என்றேன் நான்.

"அவன் சொல்றதக் கேக்காதீங்க" என்றான். "மெஷின் கையேடு எழுதறவன். எல்லாத்துக்கும் ஒரு எச்சரிக்கை போடுவான்."

மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இருந்த மனிதனுக்கு மார்ஸியா ஒரு சைக்கிள் செய்தாள். அந்த மனிதனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அவன்தான் இப்போது இல்லை.

[மார்ஸியாவுக்குத் தெரியாதா? பின்னால் கேட்டேன். "அழகா ஒரு ஃபிரேம் பண்ணித் தாங்கன்னு ஒருத்தர் வந்து நிக்கிறப்ப, முதுகெலும்பயா எண்ணிட்டிருப்பேன்?" என்றாள். தாழ்ந்த ஹேண்டில்பார் போட்டோவில் நன்றாக விழும். அவளுக்கும் சுவரில் மாட்ட ஒரு போட்டோ வேண்டியிருந்தது.]

7.

சைக்கிள் வந்தது.

அழகு. இதில் எனக்குக் கிண்டல் வரவில்லை. பெயின்ட் இல்லை, எழுத்து இல்லை. மழைக்கு முந்தின வானத்தின் நிறம். வெல்டிங் ஒவ்வொன்றும் அடுக்கிவைத்த சில்லறை மாதிரி வரிசையாக, சின்னதாக. குறை ஒன்றே ஒன்று: ஃபோர்க்கின் குழாயை வெட்டாமல் அனுப்பியிருந்தாள். அது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்து, ஹேண்டில்பார் எந்த உயரத்தில் வேண்டுமென்று முடிவு செய்தபின் மிச்சக் குழாயை அறுத்துக்கொள்ள வேண்டியது. அதுவரை வளையங்களை அடியிலும் போடலாம், மேலேயும் போடலாம். அடியில் போட்டால் ஹேண்டில்பார் உயரும். மேலே போட்டால் ஹேண்டில்பார் தாழும், குழாய் மட்டும் புகைபோக்கி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

நெரேயோ எல்லா வளையத்தையும் மேலே போட்டு, புதன்கிழமை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனான். நதிப் பாலம் வரை போயிருக்கிறான். அங்கிருந்து டொரீனாவுக்குப் போன். அவள் காரில் போய்ச் சைக்கிளைப் பின்னால் போட்டு, அவனை முன்னால் போட்டுக் கொண்டுவந்தாள். வாசலில் நான் போய்ப் பார்த்தபோது, கீழே விழுந்த சாவியைத் தேடுகிறவன் மாதிரி அவன் முன்சீட்டில் மடங்கிக் கிடந்தான்.

"ஃபிரேம் எப்படியிருக்கு?" என்றேன்.

"அற்புதம்" என்றான், தன் முழங்காலிடம்.

இதற்குப் பிறகு அறிவுள்ள எவனும் என்ன செய்வான்? வளையங்களை அடியில் போடுவான், நிமிர்ந்து உட்கார்ந்து மலையேறுவான். நெரேயோவும் அறிவுள்ளவன்தான். ஆனால் நாளை ஞாயிற்றுக்கிழமை. நாளை அவன் சைக்கிளை நனைக்கிறோம். காபிக்கடைச் சுவரில் புது சைக்கிளைச் சாய்த்துவைத்து, முன்சக்கரத்தில் நாலு சொட்டு ப்ரொசெக்கோ ஒயின் தெளித்து, மிச்சத்தைத் தொண்டைகளில் தெளிப்போம். அதற்குமுன் கஸ்தோனே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிலம் அளப்பதுபோல் அதைப் பார்ப்பான்.

"அதுக்குள்ள குழாய வெட்டிடறேன்" என்றான் நெரேயோ. "அடியோட. ஒரு வளையமும் இல்லாம."

"வெட்டிட்டா அப்புறம் ஒட்டமுடியாது."

"எவ்ளோ கம்பீரமா நிக்கும் தெரியுமா?"

"நீ எப்படி நிப்ப?"

"நான் எதுக்கு நிக்கணும்? சைக்கிள் நின்னாப் போதும்."

(சைக்கிள் தெரிந்த வாசகர் ஒருவர் இங்கே கை தூக்குவார்: வெட்டினால் என்ன, பிறகு வேறு ஃபோர்க் வாங்கிக்கொள்ளலாமே? வாங்கலாம். வாங்கினால் ஏன் என்று கஸ்தோனே கேட்பான். அதற்குப் பதில் சொல்வதைவிட ஜன்னலில் உட்காருவது சுலபம் என்று நினைக்கிற ஆளைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.)

8.

கதை இங்கே வந்து நின்றபோது, முடிவு என்னவாக இருக்கலாமென்று சம்பந்தப்பட்டவர்களையே கேட்டேன். எழுத்தாளர்கள் பொதுவாகச் செய்யாத காரியம். ஏன் செய்வதில்லை என்று இப்போது புரிகிறது.

மார்ஸியா: "சைக்கிள் போட்டோவோட முடிச்சிடுங்க. வெளிச்சம் எடது பக்கத்திலேந்து வரணும்."

கஸ்தோனேவிடம் பெயர் சொல்லாமல், யாரோ ஒருவன் கதை என்று சொல்லிக் கேட்டேன். "வெட்டறான். மலையேறறான். உச்சியில போய் நெஞ்சு வெடிச்சு சாவறான். சவப்பெட்டிய நாம ஜெர்சியோட தூக்கிட்டுப் போறோம். எல்லாரும் சாக்ஸ ஒரே ஒசரத்துல போட்டுட்டு." அவன் கண் கலங்கியிருந்தது.

டொரீனா: "வெட்டல. மொதல் ஞாயிறு சிரிக்கிறானுங்க. ரெண்டாவது ஞாயிறு வேற எவனாவது ஏதாவது மாட்டிட்டு வருவான், அவனப் பாத்து சிரிப்பானுங்க. எழுதிடு. எழுதினா நடக்கும்னா இப்பவே எழுது."

நெரேயோ: "ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடியே கதைய நிறுத்திடு."

என் கைக்கும் ஒரு முடிவு வந்தது, மறைப்பதற்கில்லை. காபிக்கடைச் சுவரில் கஸ்தோனேயின் சைக்கிளும் சாய்ந்திருக்கிறது. நெரேயோ தற்செயலாகப் பார்க்கிறான். கஸ்தோனே தன் ஹேண்டில்பாருக்கு அடியில், கறுப்பு டேப் சுற்றி மறைத்து, ரகசியமாக இரண்டு வளையம் போட்டிருக்கிறான். நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் பொய். கஸ்தோனேயின் முதுகு தச்சன் இழைத்த பலகை. அறுபத்தாறு வயதில் அவனால் சாக்ஸை நின்றபடியே போடமுடியும். முதுகுகளைப் பங்கிட்டுக் கொடுத்தவனிடம் நியாயம் என்ற ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. கதையில் மட்டும் அதைக் கொண்டுவந்து நுழைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவு எழுதியபோது நெரேயோ போன் செய்தான். வெட்டும்போது குழாயைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். வரும்போது வெள்ளை டேப் கொண்டுவரச் சொன்னான்.

9.

போனேன். சொல்ல முடிந்தவரை சொல்கிறேன்.

பட்டறை அலமாரிகளில் பிளாஸ்டர் தாடைகள். ஊரே வாயைத் திறந்துகொண்டு பார்ப்பதுபோல் இருக்கும். நடுவில் சைக்கிள், பின்சக்கரத்தை, நின்ற இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சித் தாங்கியில் மாட்டி நிறுத்தியிருந்தான்.

"டேப் எடுத்துட்டு வந்தியா? நீ சுத்தி ஒட்டு, நான் அதோட ஓரமா அறுக்கறேன். இல்லன்னா பிசிறு கெளம்பிடும். பிளேட எங்க வெச்சேன்..." என்று உள் அறைக்குப் போனான்.

டொரீனா கையைத் துடைத்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மேசையில் கிடந்த அலன் கீயை எடுத்தாள். திருகைத் தளர்த்தி, ஹேண்டில்பாரைக் கழற்றி, மேலே கிடந்த வளையங்களையெல்லாம் அடியில் கோத்து, ஹேண்டில்பாரை உச்சியில் உட்காரவைத்து, இறுக்கினாள். புருஷன் சைக்கிளுக்குப் பல காலம் கை கொடுத்தவளின் வேகம்.

நெரேயோ பிளேடோடு வந்தான். "என்ன பண்ற?"

"வெட்டறதுக்கு முன்னாடி நான் ஒருதரம் பாத்துக்கறேன். நம்ம வீட்டு நடையிலதான நிக்கப் போவுது."

"மாதா கோயில் மணிக்கூண்டு மாதிரி இருக்கு."

"ஏறி உக்காரு. எவ்ளோ அசிங்கம்னு பாப்போம்."

"அசிங்கமாதான் இருக்கும்."

"அதத்தான் பாக்கணுங்கறேன்."

எவ்வளவு அசிங்கம் என்று நிரூபிக்கிறதற்காகவே ஏறினான். "பாத்தியா?"

"பாத்தேன். அசிங்கம்" என்றாள் டொரீனா.

"ரொம்ப" என்றேன் நான்.

"இப்படியே நாளைக்குப் போய் நின்னா அவன் என்ன பண்ணுவான் தெரியுமா?" பெடலை மிதித்தபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கஸ்தோனே மாதிரியே குரலைத் தடிப்பாக்கினான். "'நெரேயோ, மணி எத்தனைக்கு அடிக்கும்? சாமியார் வந்துட்டாரா?'" அப்படியே இருக்கும் அந்தக் குரல். நாங்கள் சிரித்தோம். சிரித்ததில் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இவோ மேட்டில் மூச்சிரைப்பதைச் செய்து காட்டினான். அங்கிருந்து அடுத்த மாதம் மோன்தே கிராப்பா மலை ஏறப் போகிற பேச்சு வந்தது. எந்த வளைவு வரைக்கும் கஸ்தோனேயை முன்னால் விடுவது, காடு முடிந்து காற்று அடிக்கிற இடத்தில் யார் பின்னால் ஒண்டிக்கொள்வது, எங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்புவது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நடுவில் எப்போதோ பிளேடைப் பக்கத்து அலமாரியில் ஒரு தாடையின்மேல் வைத்துவிட்டான். வைத்தது அவனுக்கே தெரியாது.

அவன் முதுகைப் பார்த்தேன். ஒரு மாதிரியும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வம்பளக்கிறவன் முதுகு. புதன்கிழமை பாலம் வரை போன நேரம் இதற்குள் தாண்டியிருக்கும். அவன் ஒரு முறைகூட இடுப்பில் கை வைக்கவில்லை. வைக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

டொரீனா என்னைப் பார்த்தாள். உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

சொல்லமுடியாது என்று எனக்கும் தெரியும். "வலிக்கலயே, பாத்தியா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தான் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று குனிந்து பார்த்துக்கொள்வான். பார்த்தால் இறங்கிவிடுவான்.

"என்ன, ரெண்டு பேரும் சும்மா நிக்கிறீங்க?" மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டான். "நீதான வாத்தியாரே கதைய எழுதற. எங்க வெட்டலாம்? டேப்ப ஒட்டு."

டேப்பின் நுனியைப் பிரித்தேன். ஒட்டுவதற்கு இரண்டு இடம் இருக்கிறது. ஹேண்டில்பார் இப்போது நிற்கிற இடத்துக்கு மேலே ஒட்டினால் வளையங்கள் அடியிலேயே தங்கும், நாளையிலிருந்து அவன் பெயர் மணிக்கூண்டு. அடியில் ஒட்டினால் மார்ஸியா கேட்கிற போட்டோ. இரண்டுக்கும் நடுவே நாலு விரல்கடை.

எனக்குக் கை வரவில்லை. அறிவுரை சொல்ல வரும், கேலி செய்ய வரும், எச்சரிக்கை வாசகம் வரும். இது வரவில்லை. ஆகவே டேப்பை உங்களிடம் தருகிறேன். கதையை இதுவரை தள்ளிக்கொண்டு வந்தவன் நான், இனி உங்கள் பாடு. அவசரமில்லை. மேலே அடுப்பில் பொலெந்தாக் களி அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது, டொரீனாவே நகரவில்லை. நீங்கள் ஒட்டாதவரை அவன் இறங்கமாட்டான். இப்போதுதான் காடு முடிந்து, காற்றில், கடைசி வளைவுக்கு வந்திருக்கிறான். கஸ்தோனேயின் பின்சக்கரம் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்கிறது.